பழைய கேமிங் கணினியை மேம்படுத்துவதா, மாற்றுவதா: முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

நான்கைந்து ஆண்டுகள் குறை சொல்ல இடமில்லாமல் ஓடிய கணினி, புதிதாக நிறுவிய கேம் ஒன்றில் திணறத் தொடங்கும்போது, "இது பழையதாகிவிட்டதோ?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் பயன் அதிகமில்லை. ஏனெனில் ஒரு கணினி முழுவதும் ஒரே நாளில் பழையதாவதில்லை. உள்ளே இருக்கும் பாகங்களில் ஏதோ ஒன்று மற்றவற்றைக் காக்க வைக்கிறது. அந்த ஒன்று எது, அதை மட்டும் மாற்றுவதற்கு இப்போதுள்ள மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் அடிப்பலகை) இடம் தருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், மேம்படுத்துவதா மாற்றுவதா என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். கணினியின் மூடியை இதுவரை திறந்து பார்க்காதவர்களும் அந்த விடைகளைத் தாங்களே கண்டறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே பேசப்படுவது மேசைக் கணினி. மடிக்கணினிகளில் பெரும்பாலும் ரேமும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) தவிர வேறெதையும் மாற்ற முடியாது என்பதால், அவற்றுக்கு இரண்டாம் மூன்றாம் படிகள் மட்டுமே பொருந்தும்.

படி 1: உள்ளே இருப்பதைத் தாளில் எழுதுங்கள்

சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்கி இயக்கினால், கணினியின் மூளையான பிராசசரின் பெயர், மதர்போர்டின் மாடல், அதன் சிப்செட் (பாகங்களுக்கிடையிலான தொடர்பைக் கையாளும் சில்லு), பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் போர்டின் மென்பொருள்) பதிப்பு, ரேமின் வகையும் வேகமும், திரையில் தெரிவதை வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயரும் அதன் நினைவக அளவும் ஆகிய அனைத்தும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அவற்றைத் தாளில் எழுதுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் அந்தத் தாளைத்தான் பார்க்கப் போகிறோம். பவர் சப்ளையின் விவரத்தை மென்பொருள் பெரும்பாலும் காட்டாது. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளிலிருந்து மாடலையும் வாட் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே தாளில் மானிட்டரின் ரெசல்யூஷனையும் ஹெர்ட்ஸ் அளவையும் எழுதுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் தேவை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதே மானிட்டர்தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது என்பதால், ஏற்கெனவே 60 ஃபிரேம் (நொடிக்கு 60 படங்கள்) நிலையாகக் கிடைக்கும் கேமுக்காகப் புதிய கார்டு வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் சொற்பமே. மாறாக, 1920×1080 மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த கார்டு, 2560×1440க்குப் போனால் 36.9 லட்சம் புள்ளிகளையும், 3840×2160க்குப் போனால் 82.9 லட்சம் புள்ளிகளையும் வரைய வேண்டியிருக்கும். கணினி திணறத் தொடங்கிய நாளும் புதிய மானிட்டர் வந்த நாளும் ஒன்றாக இருந்தால், கணினி மெதுவாகிவிடவில்லை, அதன் வேலைதான் கூடியிருக்கிறது.

கடைசியாக, எந்தக் கேம்களுக்காக இந்த யோசனை எழுந்ததோ அவற்றில் மூன்றின் பெயரை எழுதுங்கள். "எல்லாக் கேம்களும் நன்றாக ஓட வேண்டும்" என்பது செலவுக்கு எல்லை வைக்காத இலக்கு.

படி 2: செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்

என் கணினி ஒன்று கேமைத் தொடங்கிய முதல் 20 நிமிடம் நன்றாக ஓடும். அதன் பிறகு ஃபிரேம் பாதியாகக் குறைந்துவிடும். பிராசசரின் காலம் முடிந்துவிட்டது என்று நானே தீர்மானித்து, புதியதைத் தேடவும் தொடங்கியிருந்தேன். வாங்குவதற்கு முன் எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தபோது, வெப்பநிலை 97 டிகிரியைத் தொட்டதும் பிராசசரின் வேகம் தானாகவே இறங்குவது தெரிந்தது. பிராசசரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றினேன். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி, கம்பளித் துணி போல ஒரே படலமாகப் படிந்திருந்தது. விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுத் துண்டாக வந்தது. அதன் கீழே, பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல வெளுத்து, நகத்தால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்துக் கூலரைத் திரும்பப் பூட்டிய பிறகு, அதே கேமில் வெப்பநிலை 74 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தக் கணினி அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வேறெந்தச் செலவும் இல்லாமல் ஓடியது.

ஆகவே தூசியை நீக்குவதும், மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் முதல் வேலை. காற்றடித்துத் தூசி நீக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் தாங்கி பழுதாகலாம்.

அடுத்தது ரேம். 3200 என்று பெட்டியில் எழுதியிருக்கும் டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) ரேமை மதர்போர்டில் செருகினால் மட்டும் அந்த வேகம் வந்துவிடாது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காத வரை அது பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். அங்கேயே எத்தனை ஸ்லாட்டுகளில் (செருகும் இடங்களில்) ரேம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு ரேம் மட்டும் இருந்தால், பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள இரண்டு பாதைகளில் ஒன்று வெறுமனே கிடக்கிறது என்று பொருள். இரண்டு ரேம்களைச் சரியான ஸ்லாட்டுகளில், அதாவது பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால்தான் இரு பாதைகளும் வேலை செய்யும்.

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60இலேயே நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, வாங்கிய கார்டைக் குறை சொல்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

படி 3: எந்தப் பாகம் காக்க வைக்கிறது என்று சோதியுங்கள்

முடிவெடுப்பதில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை, அதனுடன் வரும் ரிவாட்யூனருடன் சேர்த்து நிறுவினால், ஆடும்போதே திரையின் ஓரத்தில் எண்களைக் காட்டும். பிற நிறுவனங்களின் கார்டுகளிலும் அது வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், அதன் நினைவகப் பயன்பாடு, பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் (பிராசசருக்குள் வேலை நடக்கும் தனிப் பாதை) பயன்பாடு, ரேம் பயன்பாடு, ஃபிரேம் டைம் ஆகிய ஐந்தும் தெரியும்படி அமையுங்கள். பிறகு கேமில் வி-சிங்க்கையும் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு பொருத்தும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கிக்கொண்டிருந்தால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும். அப்போது கிடைக்கும் சதவீதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

திணறல் அதிகமாக இருக்கும் ஓர் இடத்தை, ஒவ்வொரு முறையும் அதே வழியில் நடந்து வரக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு நிமிடம் நடந்து, கிடைக்கும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மற்ற எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1920×1080 இலிருந்து 1280×720க்கு இறக்கி, அதே வழியில் மறுபடியும் நடங்கள். ரெசல்யூஷனைக் குறைப்பது கிராபிக்ஸ் கார்டின் சுமையைக் குறைக்கிறதே தவிர, பிராசசரின் வேலையில் ஏறக்குறைய எதையும் குறைப்பதில்லை. ஆகவே 48 ஃபிரேம் 80 ஆக உயர்ந்தால், இதுவரை காக்க வைத்தது கிராபிக்ஸ் கார்டு. 48 என்பது 50, 51 என்ற அளவிலேயே நின்றுவிட்டால், கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது. பிராசசரோ அதற்கு ஊட்டம் தரும் ரேமோதான் பின்தங்குகிறது. முதல் சோதனையில் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றதா, அல்லது 60, 70 என்று தள்ளாடியதா என்பதும் இதே முடிவை உறுதிப்படுத்தும்.

புதியவர்கள் தவறாமல் ஏமாறும் ஓர் எண் இங்கே உண்டு. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 35 சதவீதம் என்று தெரிந்தால், பிராசசரில் இன்னும் நிறைய வலு மிச்சமிருக்கிறது என்று தோன்றும். 12 த்ரெட்டுகள் கொண்ட பிராசசரில் அது அந்தப் பன்னிரண்டின் சராசரி. கேமின் முதன்மை வேலை ஒரே ஒரு த்ரெட்டில் நடந்து, அந்தத் த்ரெட் முழுவதுமாக நிரம்பியிருந்தால், மீதி பதினொன்றும் சும்மா இருந்தாலும் ஃபிரேம் கூடாது. அதனால்தான் பிராசசரின் சராசரியைப் பார்க்காமல் கார்டின் பயன்பாட்டைப் பார்த்து முடிவுக்கு வரச் சொல்கிறேன்.

ஃபிரேம் டைம் என்பது ஒரு படம் தயாராக எடுக்கும் நேரம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9 மில்லிநொடி. சராசரி 70 ஃபிரேம் காட்டும்போதே கை உணரும்படி கேம் தடுக்கி விழுந்தால், ஃபிரேம் டைம் வரைகோட்டில் இடையிடையே முள் போல எழும்பும் 60, 80 மில்லிநொடி உச்சங்களைப் பாருங்கள். இந்தத் தடுக்கல்தான் ஸ்டட்டர். நினைவகப் பற்றாக்குறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். கார்டின் நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று அறிய, டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். சராசரி ஃபிரேம் அப்படியே இருக்க முட்கள் மட்டும் மறைந்துவிட்டால், கார்டின் வேகம் போதும், அதன் நினைவகம்தான் போதவில்லை. 6 ஜிபி கார்டுகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. 8 ஜிபி கார்டுகளிலும் புதிய கேம்களின் உயர்ந்த அமைப்பில் நிகழத் தொடங்கிவிட்டது. கணினியின் ரேம் 8 ஜிபி மட்டுமே இருந்து அது முழுவதும் நிரம்பினால், கணினி டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கி அதே போன்ற தடுக்கலைத் தரும். இன்றைய கேம்களுக்கு 16 ஜிபி என்பது தொடக்க நிலை.

கேம் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் மற்ற சோதனைகளையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் எஸ்எஸ்டியோடுதான் வந்தன. அவற்றுக்காக எழுதப்படும் கேம்கள் அந்த வேகத்தை எதிர்பார்த்தே உலகத்தைத் திரையில் கொண்டுவருகின்றன.

படி 4: மதர்போர்டு எதுவரை இடம் தரும்?

கணினியின் பாகங்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர் ஆகியவை நாளை புதிய கணினி வாங்கினாலும் உடன் வரக்கூடியவை. பிராசசரும் ரேமும் மதர்போர்டோடு கட்டுண்டவை. போர்டு போகும்போது அவையும் பெரும்பாலும் போய்விடும். முதல் வகையில் செலவழிப்பதற்கு அதிகம் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது வகையில் செலவழிக்கும் முன் அந்தப் போர்டு இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தே ஆக வேண்டும்.

2017இல் வாங்கிய இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-7500, மற்றொன்றில் ஏஎம்டி ரைசன் 5 1600. இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டும் இன்று திணறுகின்றன. இரண்டிலும் சோதனை பிராசசரையே குற்றவாளியாகக் காட்டுகிறது. முதல் கணினியின் போர்டில் செருகக்கூடிய மிக வலுவான பிராசசர் நான்கு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ஐ7-7700கே. அடுத்த தலைமுறையான 8ஆம் தலைமுறைப் பிராசசரின் சாக்கெட்டும் (போர்டில் பிராசசர் செருகும் இடம்) எல்ஜிஏ 1151 என்றே அழைக்கப்பட்டாலும், உள்ளே செருக முடிந்தாலும், பழைய சிப்செட்டில் அது இயங்காது. பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, பிறர் பயன்படுத்திய 8ஆம் தலைமுறைப் பிராசசரை வாங்கி ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கணினியைப் பொறுத்தவரை பிராசசரை மேம்படுத்துவது என்பதற்குப் போர்டு, ரேம், பிராசசர் மூன்றையும் மாற்றுவது என்றே பொருள்.

இரண்டாவது கணினியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு ஏஎம்டி நீண்ட காலம் புதிய பிராசசர்களைத் தந்தது. 2022இல் பழைய பி350, எக்ஸ்370 சிப்செட்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. எனவே போர்டு தயாரிப்பாளர் அதற்கான பயாஸை வெளியிட்டிருந்தால், அதே போர்டில், அதே டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டே, ஆறு கோர் ரைசன் 5 5600ஐயோ, 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டியையோ செருகலாம். அந்தக் கூடுதல் கேஷ், பிராசசர் அடிக்கடி ரேமை நாடிக் காத்திருப்பதைக் குறைப்பதால், வேகத்துக்குப் பிராசசரையே நம்பியிருக்கும் கேம்களில் பெரிய மாற்றத்தைத் தரும். ஒரே ஆண்டில் வாங்கியவற்றுள் ஒன்று விடைபெற வேண்டியது, மற்றொன்று இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியது. வயதை மட்டும் கேட்டிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

உங்கள் போர்டு எது என்பதைத் தாளில் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் தேடுங்கள். எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை. ஆனால் போர்டு டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையா என்பதில் கவனம் தேவை, ஒன்றில் மற்றொன்று செருகாது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும்.

படி 5: கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதாக இருந்தால்

சோதனை கார்டைக் காட்டியிருந்தால் நீங்கள் நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள். இருப்பதிலேயே எளிய மாற்றம் இதுதான். இருந்தாலும் வாங்கும் முன் நான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

முதலாவது, கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு செல்லும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள். பழைய போர்டின் 3.0 தலைமுறை ஸ்லாட்டில் புதிய 4.0 தலைமுறைக் கார்டு தாராளமாக இயங்கும், வேக இழப்பும் பொதுவாகச் சிறிதே. ஆனால் சில மலிவான கார்டுகள் 16 பாதைகளுக்குப் பதிலாக 8 அல்லது 4 பாதைகளையே பயன்படுத்துகின்றன. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே பாதைகள், 4 ஜிபி நினைவகம், பழைய 3.0 போர்டில் அது வெகுவாகத் தளர்ந்துபோவது அப்போதே சோதனைகளில் வெளிப்பட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்களே வாங்கும் விலைப் பிரிவில், பழைய கணினிக்குப் பொருந்தாத கார்டு. அதேபோல இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுக விடுவது) என்ற வசதி பயாஸில் இல்லாவிட்டால் தங்கள் முழு வலுவைக் காட்டுவதில்லை.

இரண்டாவது, இடம். கேபினெட்டுக்குள் கார்டுக்குக் கிடைக்கும் நீளத்தை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளந்துவிடுங்கள். மூன்றாவது, பிராசசரின் சமநிலை. ரெசல்யூஷனைக் குறைத்த சோதனையில் கார்டின் பயன்பாடு முழுமையிலிருந்து இறங்கியிருந்தால், அப்போது கிடைத்த ஃபிரேம்தான் இப்போதுள்ள பிராசசரால் தர முடிந்த உச்சம். அப்படி 80 ஃபிரேம் கிடைத்திருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் அந்த இடத்தில் 80ஐத் தாண்டாது. எந்த அளவுக்குக் கார்டு வாங்குவது என்பதற்கு இதைவிட நேர்மையான வழிகாட்டி எனக்குத் தெரியாது.

நான்காவது பவர் சப்ளை. வாட் போதுமா என்பதைக் கார்டு தயாரிப்பாளரின் பரிந்துரையோடு ஒப்பிடுங்கள். அதன் வயதையும் பாருங்கள். 80 பிளஸ் கோல்டு போன்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதையே சொல்கின்றன, தரத்துக்கோ பாதுகாப்புக்கோ உறுதி தருவதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்து சில ஆண்டுகள் கடந்த, பெயர் தெரியாத பவர் சப்ளையில் புதிய கார்டை மாட்டாதீர்கள். மாற்றும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) பவர் சப்ளைகளின் பழைய கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், பூட்டும் விழும்; ஆனால் பவர் சப்ளை பக்கத்துப் பின்களின் வரிசை எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொதுவானதன்று. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கும் அதிலுள்ள எல்லாமும் ஒரு நொடியில் கருகிவிடும். பழைய கேபிள்களை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டு, புதிய பெட்டியில் வந்தவற்றையே மாட்டுங்கள்.

பிராண்டட் நிறுவனங்கள் முழுதாகச் சேர்த்து விற்கும் சில கணினிகளில் போர்டும் பவர் சப்ளையும் அவர்களுக்கே உரிய வடிவத்தில் இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால் உடன் வரும் பாகங்களின் பட்டியல் சுருங்கிவிடும். முடிவும் மாற்றுவதன் பக்கம் சாயும்.

படி 6: மென்பொருள் வைக்கும் காலக்கெடு

பாகங்கள் நன்றாக இருந்தும் கணினியை ஓய்வுக்கு அனுப்பும் காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் வசதி) ஆகியவையும், ஏறக்குறைய இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதலான பிராசசரும் தேவை. மேலே சொன்ன இரண்டு 2017 கணினிகளும் வாங்கிய நிலையில் இந்தப் பட்டியலில் இடம்பெறாதவை. ரைசன் கணினி பிராசசரை மாற்றியதும் பட்டியலுக்குள் வந்துவிடும். ஐ5 கணினிக்கு அந்த வழியும் இல்லை.

"டிபிஎம் இல்லை" என்று விண்டோஸ் சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பல போர்டுகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடுங்கள். 2025 அக்டோபரில் வெளிவந்த பேட்டில்ஃபீல்டு 6 போன்ற சில கேம்கள், ஏமாற்று ஆட்டத்தைத் தடுப்பதற்காகச் செக்யூர் பூட் இயங்குவதையே கட்டாயமாக்கியுள்ளன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிப் பழைய கணினியைத் தொடரலாம், பல கேம்கள் அங்கே நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இத்தகைய தடுப்பு மென்பொருள் கொண்ட ஆன்லைன் கேம்கள் பல அங்கே ஓடாது.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி வன்பொருளிலேயே இருந்தால்தான் ஓடும் கேம்களும் வந்துவிட்டன. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அவற்றில் ஒன்று. நீங்கள் எழுதிய மூன்று கேம்களில் அப்படி ஏதேனும் இருந்தால் அமைப்புகளைக் குறைத்துச் சமாளிக்கும் வழி கிடையாது.

படி 7: கூட்டிப் பாருங்கள்

இப்போது தாளில் மாற்ற வேண்டிய பாகங்களின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையை எழுதுங்கள். அதனோடு தொடர்ந்து வரும் செலவுகளையும் சேர்த்து எழுதுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான் நிகழும். கார்டு மட்டும் என்று தொடங்கியது, அதற்காகப் பவர் சப்ளை, அது நுழைவதற்காகக் கேபினெட் என்று வளரும். பிராசசர் மட்டும் என்று தொடங்கியது, போர்டு, ரேம், கூலர், சில சமயம் விண்டோஸ் உரிமம் வரை நீளும். முன்பே நிறுவப்பட்டு வந்த உரிமங்கள் பழைய போர்டோடு பிணைந்தவை.

என் அளவுகோல் இது. மாற்றம் ஒரு பாகத்தோடு, அல்லது உடன் வரும் பாகங்களோடு நின்றுவிட்டால் மேம்படுத்துங்கள். போர்டை மாற்ற வேண்டியிருந்து, ஆனால் கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை மூன்றும் நன்றாக இருந்தால், போர்டு, பிராசசர், ரேம் ஆகிய மூன்றை மட்டும் மாற்றுங்கள். இதையும் மேம்படுத்தல் என்றே கொள்ளலாம். போர்டும் கார்டும் ஒன்றாக மாற வேண்டியிருந்தால் மிச்சமிருப்பது பெட்டியும் டிஸ்க்கும்தான். அப்போது பழையதை அப்படியே வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பதே நல்லது. ஓடும் கணினியைப் பிரித்துப் போட்டால் அரைகுறைப் பாகங்கள்தான் மிஞ்சும்.

ரேமைப் பற்றித் தனியாக ஒரு சொல். 2025இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. இப்படிப்பட்ட காலத்தில் நல்ல நிலையில் உள்ள 32 ஜிபி டிடிஆர்4 ரேம் உங்களிடம் இருப்பதே, இப்போதைய போர்டில் தொடர்வதற்கு வலுவான காரணமாகிவிடும். வாங்கும் வாரத்தில் ரேம் விலையைப் பார்க்காமல் போர்டை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள்.

பிறர் பயன்படுத்திய பாகங்களை வாங்குவதானால் பிராசசரை ஓரளவு நம்பிக்கையோடு வாங்கலாம், பின்களும் தொடுபுள்ளிகளும் வளையாமல் இருந்தால் போதும். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் மேசைக் கணினிப் பிராசசர்கள் மட்டும் விதிவிலக்கு. மிகை மின்னழுத்தத்தால் அவற்றில் சில நிலைகுலைந்ததை அடுத்து 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது என்றாலும், அதற்கு முன் பாதிக்கப்பட்டதை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. கார்டை அரை மணி நேரம் கேமில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

படி 8: மாற்றும் நாளில்

புதிய பிராசசர் வைப்பதாக இருந்தால், பழையது இன்னும் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்; வரிசை மாறினால் திரை இருண்டே கிடக்கும். விண்டோஸ் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கலாம் என்பதால், பயாஸையோ டிபிஎம்மையோ பிராசசரையோ தொடும் முன் அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்பு எண்ணை எடுத்து, இந்தக் கணினியில் இல்லாத ஓர் இடத்தில் எழுதி வையுங்கள். அந்த 48 இலக்க எண் இல்லாமல் தங்கள் கோப்புகளைத் தாங்களே திறக்க முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான கோப்புகளின் நகல் வேறிடத்தில் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டின் நிறுவனம் மாறுகிறது என்றால் டிடியு என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்து விண்டோஸ் திறந்ததும், எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்று மறுபடியும் பாருங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது அது பெரும்பாலும் அணைந்துவிடும். பிறகு மூன்றாம் படியில் நடந்த அதே கேமைத் திறந்து, அதே இடத்தில், அதே அமைப்புகளோடு ஒரு நிமிடம் நடந்து, கிடைக்கும் எண்களைப் பழைய எண்களுக்குக் கீழே எழுதுங்கள். உயர்வு எதிர்பார்த்த அளவுக்கு இல்லையென்றால் கார்டின் பயன்பாட்டு எண்ணை மறுபடியும் பார்த்து, காக்க வைப்பது இப்போது எந்தப் பாகம் என்று கண்டுபிடியுங்கள். கழற்றிய பாகத்தை, புதியதைத் திருப்பித் தருவதற்கான கெடு முடியும் வரை, நிலைமின் காப்பு உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.